வான்வழி மடங்கள்

பருத்தித்துறையிலே வீதியின் குறுக்கே கருங்கற்றூண்கள் தாங்க நிற்கும் தெருமூடிமடத்தை அறியாதார் யாழ்ப்பாணத்தில் அரியர். அதனைப் போன்ற மடங்கள் பல நம் முன்னோராற் குடாநாட்டு வீதிகளில் அமைக்கப்பெற்றன. மடத்தின் அயலிலே கிணறோ கேணியோ இருக்கும். தலைச்சுமையைப் பிறர் துணையின்றி இறக்கிவைக்கச் சுமைதாங்கி இருக்கும். மாடுகள் தம் தினவைத் தீர்த்துக்கொள்ள ஆவுரஞ்சிக்கல் நாட்டப்பட்டிருக்கும். வழிச்செல்வோன் யார், எவ்வூரான் என்று வினவும் வழக்கம் மடத்திற்கு இல்லை. வழியில் வந்தான் என்பதொன்றே அவனுக்குரிய தகுதி. பயணம் என்பது வழியினால் மட்டும் நடைபெறுவதன்று, தங்குமிடங்களினாலும் நடைபெறுவது என்னும் உண்மையை அவர்கள் நன்குணர்ந்திருந்தனர்.

நிலவழிக்குப் பொருந்திய இவ்வுண்மை வான்வழிக்கும் பொருந்துவதாகும். பெருநகர விமான நிலையங்களையும் அவற்றிற் சென்றிறங்கும் பெரிய விமானங்களையும் யாவரும் அறிவர். ஆனால், ஊதியத்துக்காகவன்றிப் பறத்தலின் இன்பத்துக்காகவே பறப்போர் உலகிற் பல்லாயிரவர் உளர். இருவரோ நால்வரோ அமரத்தக்க சிறு விமானங்களே அவர்களுடைய ஊர்திகள். ஓய்வு நாட்களில் அவர்கள் ஏதேனும் ஒரு சிற்றூர் விமானத்தளத்தைக் குறித்து, நாலா திசைகளிலிருந்தும் பறந்து வந்து ஒன்றுகூடுவர். இக்கூட்டத்தை ஆங்கிலேயர் ‘பிளை-இன்’ என்பர். தமிழில் வான்வழிக் கூடல் என்று கூறலாம். அதன் இயல்பையும், அது நிலைபெறுவதற்குரிய நியதிகளையும், அத்தகைய கூடல் நம் நாட்டிலே தோன்றுவதற்கு வேண்டுவன யாவை என்பதையும் விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் பழைய நூல்களில் வரும் விமானங்கள் அரியோர்க்கே உரியவை. ஓட்டுவாரின்றி இயங்கும் வானவூர்தி நல்வினை செய்தோர்க்குக் கிடைப்பதெனப் புறநானூறு கூறும். புட்பக விமானமோ குபேரனுக்குரியதாயிருந்து இராவணனாற் கவரப்பட்டது. விமானம் உண்மையில் தோன்றிய பின்னரும் நெடுங்காலம் அது போர்வீரர்க்கும் பெருஞ்செல்வர்க்குமே உரியதாயிருந்தது. அந்நிலையை மாற்றிய பெருமையின் பெரும்பங்கு, ஜெப்ரி டி ஹவிலண்ட் என்னும் ஆங்கிலேயர் அமைத்த ‘மொத்’ என்ற சிறு விமானத்தைச் சாரும். 1925ஆம் ஆண்டு பெப்ரவரி 22இல் அது முதன்முறை பறந்தது. ஏறத்தாழ 60 குதிரைவலுவுடைய எஞ்சினும் இரண்டு இருக்கைகளும் கொண்ட அவ்விமானத்தின் சிறகுகளை மடித்து ஒரு கொட்டிலினுள் நிறுத்திவிடலாம். சிறகு மடிக்கும் அந்துப்பூச்சியின் பெயரை அதற்கு இட்டது பொருத்தமேயாகும். அவ்வாண்டிலேயே பிரித்தானிய அரசு இலகு விமானக் கழகங்களுக்கு உதவிநல்கத் தொடங்கிற்று. தனித்தனியே விமானம் வாங்க இயலாதோர் கூடி ஒன்றை வாங்கி, முறைவைத்துப் பறந்தனர். கழகங்கள் பலவாகவே ஒரு கழகத்தார் மற்றொரு கழகத்தின் தளத்துக்குப் பறந்து செல்லும் வழக்கமும் உண்டாயிற்று. வான்வழிக் கூடலின் தோற்றம் இதுவேயெனலாம்.

இவ்வலை விரைவில் இந்தியாவையும் வந்தடைந்தது. டில்லியிலும் பம்பாயிலும் 1928ஐ ஒட்டிப் பறத்தற் கழகங்கள் தோன்றின. 1930ஐ ஒட்டிய காலத்தில் சென்னையிலும் ஒரு கழகம் ஏற்பட்டது. 1929ஆம் ஆண்டு பெப்ரவரி 10இல் இந்தியாவின் முதலாவது விமானி அனுமதிப்பத்திரத்தைப் பெற்ற ஜே. ஆர். டி. டாட்டா, பம்பாய்க் கழகத்திற் பயின்றவரே. அவர் வாழ்விற் பின்வந்த ஒரு நிகழ்ச்சி ஈண்டு நினைத்தற்குரியது. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்குமிடையே ஒருமாத காலத்துள் தனியே பறந்து முடிக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுண் பரிசளிப்பதாக ஆகாகான் அறிவித்திருந்தார். 1930ஆம் ஆண்டிலே டாட்டா கராச்சியிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டார். ஆஸ்பி எஞ்ஜினியர் என்னும் இளைஞர் இங்கிலாந்திலிருந்து கிழக்கு நோக்கி வந்துகொண்டிருந்தார். எகிப்திலுள்ள அபூக்கிர்த் தளத்தில் இருவரும் சந்தித்தனர். ஆஸ்பியின் எஞ்சினுக்கு வேண்டிய ஸ்பார்க் பிளக்குகள் இல்லாமையால் அவர் பயணம் தடைப்பட்டிருந்தது. டாட்டா தம்மிடம் மேலதிகமாயிருந்தவற்றை எடுத்துக் கொடுத்தார். பரிசு ஆஸ்பிக்கே கிடைத்தது. பிற்காலத்தில் அவர் இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியாகவும் உயர்ந்தார்.

போட்டியாளனுக்கு உதவிப் பரிசை இழந்த இச்செயலைத் தனியொருவரின் பெருந்தன்மையென்று மட்டும் கொள்ளுதல் போதாது. சிறு விமானத்திற் செல்வோனுக்கு வானிலே துணையில்லை. இறங்கிய தளத்திற் கிடைக்கும் துணையே துணை. இன்று உதவியவன் நாளை பிறிதொரு தளத்திலே உதவி வேண்டி நிற்பான். ஆதலின், வந்திறங்கியவனுக்கு வேண்டியதைக் கொடுத்து அனுப்புதல் விமானிகளிடையே எழுதாச் சட்டமாயிற்று. மடத்துக் கிணற்றடியில் வாளியையும் கயிற்றையும் அடுத்தவனுக்காக விட்டுச்செல்லும் வழக்கத்தோடு இதனை ஒப்பிடலாம்.

இனி, கூடலின் நியதிகளை நோக்குதல் தகும். பத்து விமானங்கள் ஒரே காலையிற் பல திசைகளிலிருந்து வந்து ஒரே தளத்தில் இறங்கவேண்டுமாயின், அவை மோதாதிருப்பது எங்ஙனம்? சிற்றூர்த் தளங்கள் பலவற்றிற் கட்டுப்பாட்டுக் கோபுரமும் இல்லை. அங்கே ஆணையிடுவது காற்றேயாகும். விமானம் எக்காலும் காற்றை எதிர்த்தே ஏறவும் இறங்கவும் முயலும். பட்டம் ஏற்றும் சிறுவன் காற்றுக்கு முகங்கொடுத்து ஓடுவதன் காரணமும் இதுவே. இறங்கும்போது ஒரு விமானத்துக்கு வளியினூடே மணிக்கு 50 மைல் வேகம் வேண்டுமெனக் கொள்வோம். 20 மைல் வேகத்தில் வீசும் காற்றை எதிர்த்து இறங்கினால் நிலத்தின்மேல் அதன் வேகம் 30 மைலே. அக்காற்றோடு சேர்ந்து இறங்கினாலோ அது 70 மைலாகிவிடும். முதலாவது முறையிற் குறுகிய தளமும் போதும். இரண்டாவது முறையில் நீண்ட தளமும் ஆபத்தாகும். இதனாலேயே ஒவ்வொரு தளத்திலும் ஒரு கம்பத்தில் துணியாலாய காற்றுப்பை கட்டப்பட்டுள்ளது. வந்தவன் முதலில் நோக்குவது அதனையே.

காற்றின் திசையை அறிந்த விமானி நேரே இறங்கிவிடுதல் முறையன்று. வழக்கமாக ஆயிரம் அடி உயரத்திலே தளத்தைச் சுற்றும் நீள்சதுரப் பாதையிற் சேர்ந்து, முன்னால் வந்தவரின் பின்னே தன் முறைக்குக் காத்துச் சுற்றிவர வேண்டும். கோயிலில் வலம் வருகிறோம். விமானத்தளத்திலோ பெரும்பாலும் இடம் வருதலே விதி. விமானி இடப்பக்கத்து இருக்கையில் அமர்வதால் தளம் இடக்கைப் புறத்திலிருப்பின் அவனுக்கு நன்கு தெரியும். இருவர் ஒருங்கே இறங்க வரின், தாழ்வாக வருபவனுக்கே முதலிடம். ஆனால் பிறனை முந்துவதற்காக அவன் குறுக்கே பாய்தலாகாது. எதிரெதிரே வரும் இருவரும் வலப்புறம் விலகவேண்டும். எஞ்சினுடைய விமானம் எஞ்சினற்ற சறுக்கு விமானத்துக்கும், சறுக்கு விமானம் பலூனுக்கும் வழிவிடவேண்டும். விலகும் ஆற்றல் மிக்கவன் அவ்வாற்றல் குறைந்தவனுக்கு இடங்கொடுத்தல் இவ்விதிகளின் உட்பொருளாகும். செல்வமும் பதவியும் ஈண்டுக் கணக்கில் வாரா.

இவ்வொழுங்கு எத்துணை வலிமையுடையது என்பதற்கு அமெரிக்காவின் ஒஷ்கொஷ் நகரம் சான்றாகும். 1953ஆம் ஆண்டிலே போல் பொபரெஸ்னி என்பவர் மில்வோக்கியில், தம் கையாலேயே விமானம் அமைக்கும் ஆர்வலர் சிலரைக் கூட்டிப் பரிசோதனை விமானச் சங்கத்தை நிறுவினார். அவ்வாண்டு செப்டெம்பரில் நடந்த முதலாவது கூடலுக்கு வந்தோர் நூற்றைம்பதின்மருக்கும் குறைவர். விமானங்களோ மிகச் சிலவே. 1970ஆம் ஆண்டு முதல் அக்கூடல் ஒஷ்கொஷ் தளத்தில் நடைபெற்று வருகின்றது. ஆண்டுதோறும் ஆடிமாத அளவில் நிகழும் அவ்வொரு வாரத்தில், அந்நகரத்துக்கும் அயற்றளங்களுக்கும் வரும் விமானங்கள் பதினாயிரத்துக்கு மேற்பட்டன. அவை தொலைவிலுள்ள சிற்றூர் ஒன்றின்மேல் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை சேர்ந்து, இருப்புப்பாதையைப் பார்த்துத் தொடர்ந்து வரும். கீழே நின்று நோக்கும் கட்டுப்பாட்டாளர் விமானத்தின் நிறத்தையோ வகையையோ சொல்லி அழைக்க, விமானி வாய் திறவாது சிறகுகளை அசைத்து மறுமொழி தருவான். ஓடுபாதையில் வண்ணப் புள்ளிகள் இடப்பட்டுள்ளன. ஒருவன் ஒரு புள்ளியிலும் மற்றொருவன் அதற்கப்பாலுள்ள புள்ளியிலுமாக ஒரே பாதையில் அடுத்தடுத்து இறங்குவர். நல்லூர்த் தேர்த் திருவிழாவிலே பல்லாயிரவர் வடம் பிடிக்கவும் வழிவிடவும் அறிந்திருத்தல் போன்றதே அதுவும்.

இறங்கிய பின் நிகழ்வன எளியவை. மாட்டைக் கட்டையிற் பிணிப்பதுபோல விமானத்தை நிலத்தில் அறைந்த முளைகளிற் கயிற்றாற் கட்டுவர். புயலெழுந்தாற் சிறு விமானம் புரண்டுவிடும். பின்னர் சிறகின் நிழலிலே அமர்ந்து உண்பர். ஒருவர் தாம் ஐந்தாண்டு உழைத்து அமைத்த விமானத்தின் மூடியைத் திறந்து காட்ட, மற்றையோர் குறையும் நிறையும் கூறுவர். முதியோர் இளையோர்க்குக் கற்பிப்பர். ஒஷ்கொஷ் சங்கத்தார் 1992இல் ‘இளங்கழுகுகள்’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, எட்டு வயது முதற் பதினேழு வயது வரையுள்ள சிறுவர்களைக் கட்டணமின்றி ஒருமுறை வானிலேற்றி வருகின்றனர். இதுவரை இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட சிறுவர் இவ்வாறு பறந்துள்ளனர். கூடலின் பயன் வேடிக்கையன்று, கல்வியே என்பது இதனாற் புலப்படும்.

இலங்கையின் வான்பயண வரலாற்றிலும் இத்தகைய கழகமொன்றின் தொடர்பு உண்டு. இரத்மலானையில் விமானத்தளம் அமைந்தபோது, 1935ஆம் ஆண்டு நவம்பர் 27இல் அங்கு முதன்முதல் இறங்கியது ஒரு ‘புஸ் மொத்’ விமானமாகும். அதனை ஓட்டி வந்தவர் சென்னைப் பறத்தற் கழகத்தின் தலைமைப் பயிற்றாசிரியராகிய டின்டேல் பிஸ்கோ. படைத் தளபதியோ பெருங் கம்பனியோ அன்றி, ஒரு கழகத்தின் ஆசிரியரே அத்தளத்தின் முதல் விருந்தினராயினார் என்பது குறிப்பிடத்தக்கது.

அவர் வந்த வழியை நிலப்படத்தில் நோக்கின் ஒரு புதுமை தோன்றும். சென்னை, பலாலி, இரத்மலானை ஆகிய மூன்றும் ஏறத்தாழ 80 பாகை கிழக்கு நெடுங்கோட்டின் அணித்தே உள்ளன. பலாலியிலிருந்து இரத்மலானை சுமார் 330 கிலோமீற்றர். சென்னை சுமார் 350 கிலோமீற்றர். புகைவண்டி வழியில் நாட்டின் கடைக்கோடியாயுள்ள யாழ்ப்பாணம், வான்வழியில் இரு நகரங்களுக்கும் நடுவழியாகின்றது. 1947ஆம் ஆண்டு டிசெம்பர் 10இல் எயார் சிலோன் நிறுவனத்தின் ‘சீதா தேவி’ என்னும் டக்கோட்டா விமானம் தன் முதற்பயணத்தை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறைத் தளத்தின் வழியே சென்னைக்கு மேற்கொண்டது. காங்கேசன்துறைத் தளமென அன்று கூறப்பட்டது பலாலியே. இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் பிரித்தானிய விமானப்படைக்காக அமைக்கப்பட்ட அத்தளம், இங்ஙனம் போர் முடிந்து இரண்டாண்டுகளில் வான்வழி மடமாயிற்று.

அத்தளத்தின் அமைப்பிலும் நம் நாட்டின் இயல்பு பொறிக்கப்பட்டுள்ளது. ஓடுபாதையின் இருமுனைகளிலும் 05, 23 என்னும் எண்கள் உள. வடக்கிலிருந்து அளந்த பாகையைப் பத்தால் வகுத்தெழுதுவது உலக வழக்கமாதலின், அவை 50 பாகையையும் 230 பாகையையும் குறிக்கும். அஃதாவது வடகிழக்கும் தென்மேற்குமாம். மாரியில் வீசும் வாடைக்காற்றும் கோடையில் வீசும் சோளகமும் வருந்திசைகள் இவையே. வாடைக்காலத்தில் விமானம் வடகிழக்கை நோக்கியும், சோளகத்தில் தென்மேற்கை நோக்கியும் இறங்குதற்கு வாய்ப்பாகப் பாதை கிடக்கின்றது. வல்வெட்டித்துறையில் தைப்பொங்கல் நாளிலே விண்பூட்டிய பட்டங்களை ஏற்றும் இளைஞர் அறிந்த காற்று எதுவோ, பலாலிக்கு வரும் விமானியும் அதனையே அறிந்து வரவேண்டும்.

காற்றையும் பொறியையும் ஒருங்கே அறிந்த விமானி ஒருவரை இந்நாடு பெற்றிருந்தது. வன்னி விவசாயிகள் இருசில்லு உழவியந்திரத்தை ‘லாண்ட்மாஸ்டர்’ என்றே வழங்குவர். அவ்வியந்திரத்தை ஆக்கிய ரே விஜேவர்தன (1924–2010) ஒரு பொறியியலாளர். 1968ஆம் ஆண்டு மெக்சிக்கோ ஒலிம்பிக்கிற் பாய்க்கப்பலோட்டிய வீரர். அத்துடன் தம் கையால் இலகு விமானங்களை அமைத்துப் பறந்தவருமாவார். சிலாபத்தை அடுத்த காக்காப்பள்ளியில் தமது தென்னந்தோட்டத்திலேயே சிறு ஓடுபாதை வைத்திருந்தார். வயலுக்குரிய சிறு பொறியும் வானுக்குரிய சிறு பொறியும் ஒரே மூளையிற் பிறந்தமை மாணவர் சிந்தித்தற்குரியது. சிறு எஞ்சினைப் பழுதுபார்க்கும் கைத்திறன் நீரிறைக்கும் இயந்திரத்தோடு வளர்ந்த யாழ்ப்பாணத்து இளைஞரிடம் குறைந்ததன்று.

ஆயினும் யாழ்ப்பாணத்து வானம் நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்தது. பலாலி போர்க்காலத்திற் படைத்தளமாயிற்று. 1990ஆம் ஆண்டு போர் மூண்டபோது பலாலி, மயிலிட்டி, வசாவிளான், கட்டுவன் முதலிய வலிகாமம் வடக்குக் கிராமங்களின் மக்கள் தம் மனைகளையும் செம்மண் தோட்டங்களையும் விட்டு நீங்கினர். 1998ஆம் ஆண்டு செப்டெம்பர் 29இற் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். போர் 2009இல் முடிந்தது. 2019ஆம் ஆண்டு ஒக்ரோபர் 17இல் அத்தளம் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து விமானங்கள் வரத் தொடங்கின. பெருந்தொற்றால் 2020இல் நின்ற சேவை 2022ஆம் ஆண்டு டிசெம்பரில் மீண்டும் ஆரம்பமாயிற்று.

எனின், இங்கும் ஒரு வான்வழிக் கூடல் நிகழ்தல் இயலுமா? சட்டத்தால் அது இயலாததன்று; எளிதுமன்று. 1944ஆம் ஆண்டுச் சிக்காகோ உடன்படிக்கையின்படி ஒவ்வொரு நாட்டுக்கும் தன் வானின்மேல் முழு உரிமை உண்டு. 1935இல் ஒரே பேரரசின் இரு நிலங்களுக்கிடையே பறந்த கழக விமானம், இன்று இரு நாடுகளின் அனுமதியையும் சுங்கத்தையும் குடிவரவையும் கடக்கவேண்டும். படையினரும் பயன்படுத்தும் தளத்தில் இக்கட்டுப்பாடு இன்னும் மிகும். ஆனால், இவையாவும் முறைப்படி விண்ணப்பித்துப் பெறத்தக்கவை. இவற்றினும் பெரியதொரு வினா நிலத்தைப் பற்றியது.

மடம் கட்டியோர் தம் காணியைத் தாமே மனமுவந்து ஈந்தனர். அதனாலேயே மடம் தருமமாயிற்று. பிறன் காணியிலே அவன் மனம் நோவக் கட்டிய மண்டபம் எத்துணை வசதியுடையதாயினும் மடமாகாது. வலிகாமம் வடக்கிற் காணிகள் படிப்படியாக விடுவிக்கப்பட்டு வந்தபோதிலும், தம் காணிக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் உள. ஓடுபாதையை நீட்டுதல் பற்றிய பேச்சு எழுந்தபோதெல்லாம் அவர்தம் அச்சமும் எழுந்தது. விமான நிலையம் வேண்டுமென்போரும் காணி வேண்டுமென்போரும் ஒருவர்க்கொருவர் பகைவரல்லர். பெரும்பாலும் ஒரே குடும்பத்தினரே. கடல்கடந்து வாழும் மகன் பலாலியில் வந்திறங்க விரும்புகின்றான். அவன் தந்தையோ வேலிக்கப்பாலுள்ள தன் தோட்டத்துக் கிணற்றை ஒருமுறை எட்டிப்பார்க்க விரும்புகின்றார். எடுக்கப்பட்ட காணிக்குரியோர் யாவர், அவர்க்குத் திரும்பக் கிடைப்பது எது, கிடையாததற்கு நியாயமான ஈடு யாது என்பன வெளிப்படையாகத் தீர்க்கப்பட்டாலன்றி, அத்தளம் ஊரின் தளமாகாது. சிறு விமானங்களுக்கு நீண்ட பாதை வேண்டியதில்லை என்பதும் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. இப்போதுள்ள பாதையே அவற்றுக்கு வேண்டுவதினும் மிகுதி.

கூடல் நிகழும் நாள்வரையும் வாளாவிருத்தல் வேண்டா. தனியார் விமானி அனுமதிப்பத்திரத்துக்குச் சர்வதேச விதிப்படி குறைந்தது பதினேழு வயதும், பொதுவாக நாற்பது மணிநேரப் பறப்பும் வேண்டும். அதற்குரிய செலவு நம் மாணவருட் பெரும்பாலோர்க்கு எட்டாதது. ஆயினும் அதன் அடிப்படைக் கல்வி எட்டாததன்று. காற்றின் திசையையும் வேகத்தையும் நாள்தோறும் பாடசாலையில் அளந்து பதிதல், மாதிரி விமானங்களை அமைத்துப் பறக்கவிடுதல், நிலப்படத்தையும் திசையறி கருவியையும் கொண்டு வழிகணித்தல் ஆகியன பௌதிகவியலையும் புவியியலையும் உயிர்ப்பிக்கும் பயிற்சிகள். விமான நிலையத்துக்கு அணித்தே பட்டம் ஏற்றலாகாது என்பதன் காரணத்தை அச்சுறுத்திச் சொல்லாது விளக்கிச் சொல்லும் ஆசிரியனும் இக்கல்வியையே புகட்டுகின்றான். மாணவர் குழுக்கள் முன்னனுமதி பெற்று நிலையத்தைப் பார்வையிடவும், காற்றுப்பையையும் ஓடுபாதை எண்களையும் நேரிற் கண்டறியவும் ஒழுங்கு செய்யப்படுமாயின், முப்பதாண்டு காலம் குண்டுச் சத்தத்தோடு மட்டுமே இணைந்திருந்த ‘பலாலி’ என்னும் சொல் அவர்க்கு வேறு பொருள் தரத் தொடங்கும்.

விமானத்தளத்தின் பெருமையை அதன் ஓடுபாதையின் நீளத்தால் அளப்பது வழக்கமாகிவிட்டது. எத்துணை பேர் அங்கிருந்து புறப்பட்டுச் செல்கின்றனர் என்ற கணக்கும் எடுக்கப்படுகின்றது. வான்வழிக் கூடல்கள் கற்பிக்கும் அளவுகோல் வேறு. வந்திறங்கிய அயலான் அங்கே வரவேற்கப்படுகின்றானா, அயலூர்ச் சிறுவன் அதன் வேலியருகே அஞ்சாது நின்று பார்க்கின்றானா, அதன் மண்ணுக்குரியவன் மனக்குறையின்றி அதனைத் தன்னூர்த் தளமென்று கூறுகின்றானா என்னும் மூன்று வினாக்களே அது. இம்மூன்றுக்கும் ஆமென விடையிறுக்கும் நாளிலே, சென்னையிலிருந்தும் இரத்மலானையிலிருந்தும் புறப்படும் சிறு விமானங்கள் பலாலியை நடுவழியாகக் கொள்ளுதல் அரியதொன்றன்று.